இரட்டைக் கரு முட்டை

பாலக்கோடு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். கேழ்வரகு அறுவடை முடிந்து களத்தில் காய்கிறது.

பேரன் போனில் பேசும்போதெல்லாம் இரட்டைக் கரு இருந்த அந்தப் பெரிய முட்டைகளில் இரட்டைக் குஞ்சு வந்ததா என்று கேட்கிறான். வரவில்லை. அதை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடு. ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல், அவனுக்குப் புரியும்.

புதிதாக முட்டையிடத் தொடங்கும் விடைக்கோழிக்குத்தான் இரட்டைக் கரு அதிகம் நேரும். ஒரு மஞ்சள் கரு இறங்கி ஏறக்குறைய ஒரு நாள் கழித்து அடுத்தது இறங்க வேண்டும். பழகாத உடம்பு இரண்டையும் அடுத்தடுத்து விட்டுவிட, ஒரே ஓடு இரண்டையும் மூடிக்கொள்கிறது. சேவல் சேர்ந்திருந்தால் இரண்டிலும் உயிர் பிடிக்கலாம்.

பெரிய கோழியை அடை வைத்து, மற்ற முட்டைகளோடு இவற்றையும் வைத்தேன். இடிக்குக் கரு கலங்கக் கூடாது என்று அம்மா கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போட்டாள். ஏழாம் நாள் இரவு டார்ச் பிடித்துப் பார்த்தபோது ஒன்று கூமுட்டை. இன்னொன்றில் இரண்டு இடங்களில் சிவந்த நரம்புகள் கிளை விட்டிருந்தன. இரண்டு கரும்புள்ளிகள் அசைந்தன. தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

சிக்கல் கடைசி மூன்று நாளில்தான். குஞ்சு பொரிவதற்கு முன் முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு விட வேண்டும். பிறகு உடம்பைத் திருப்பித் திருப்பி முட்டையோட்டை வட்டமாக உடைக்க வேண்டும். இரண்டு குஞ்சுக்கும் இருப்பது ஒரே காற்றறை. திரும்ப இடமும் இல்லை. ஓட்டின் துளைகள் வழியே வரும் காற்றும் பங்காகிவிடுகிறது. ஒன்று செத்தால் பெரும்பாலும் மற்றதும் பிழைக்காது. பொரிப்பகங்களில் இந்த முட்டைகளை ஒதுக்கிவிடுவது இதனால்தான்.

இருபத்தொன்றாம் நாள் மற்றவை பொரிந்துவிட்டன. இதைக் காதில் வைத்தால் தட்டும் ஒலி மட்டும் கேட்டது. காற்றறையின் மேல் சிறு துளை போட்டேன். அலகு ஒன்று திறந்து மூடியது. சவ்வில் ரத்த நரம்புகள் இன்னும் வற்றவில்லை. கிழித்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும் என்பதால் அதற்கு மேல் கை வைக்கவில்லை. விடிவதற்குள் அசைவு நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. செவலையின் தலை கூர்முனைப் பக்கம் இருந்தது, மஞ்சள் கரு பாதி வயிற்றுக்கு வெளியே. கறுப்புக்கு எல்லாம் சரியாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் ஆறவில்லை.

கைகொடுத்து உதவியதால் இரண்டும் உயிரோடு வந்தது அரிதாக நடந்திருக்கிறது. அதனால் மறுபடி வைக்கப்போகிறேன். முதல் பதினெட்டு நாள் கோழியிடம், கடைசி மூன்று நாள் இன்குபேட்டரில். வெப்பம் 37.5 டிகிரி, ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். அந்த ஈரம் இல்லையென்றால் சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ஓசூர் போகும்போது மத்திகிரி கோழிக் கல்லூரியிலும் கேட்டு வருகிறேன். பேரனிடம் இரண்டு குஞ்சு தருவதாக மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே.

மாப்பிள்ளையிடம் சொல்லி ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கி அனுப்பு. இங்கே கிடைக்கவில்லை. அம்மா கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் வந்து சேரும்.

உன் அப்பா