பல்லுக்கு நொச்சி வேது பிடித்தவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சைனஸுக்கான கை வைத்தியம் என்று அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். நொச்சி வேது (நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது), மஞ்சள் புகை, சுக்குப் பற்று, தூதுவளை ரசம். ஒன்றும் தப்பில்லை. அத்தனையையும் ஒன்றரை வருஷம் விடாமல் செய்தவன் நான். அந்த அரைப்பக்கத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். தை பிறந்து புது மஞ்சள் வர ஆரம்பித்தால், மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது பறக்கும் தூசியில் தும்மாத ஆள் கிடையாது. மூக்கடைப்பு எங்களுக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வருவது. அதற்கு மருந்தாக மஞ்சளையே சுட்டு முகர்வதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். விரலி மஞ்சளின் நுனியை விளக்கெண்ணெயில் தொட்டு அகல் விளக்கில் காட்டுவோம். பற்றியதும் ஊதி அணைத்துவிட்டு, ஒரு மூக்கை மூடிக்கொண்டு மறு மூக்கால் புகையை இழுக்க வேண்டும். கண்ணில் நீர் கொட்டும், மூக்கு திறந்துகொள்ளும். செய்கிறவர்களுக்கு மண்டிக்காரனாக ஒரு வார்த்தை: பளபளவென்று இருக்கும் மஞ்சளைச் சுடாதீர்கள். பாலிஷ் போடும்போது நிறம் ஏற்றுகிறவர்கள் உண்டு, அந்தச் சாயமும் புகையோடு உள்ளே போகும். மேலே மங்கலாக இருந்து, உடைத்தால் உள்ளே நிறம் காட்டுவதுதான் நல்ல சரக்கு. வீசிங் உள்ளவர்களுக்கு இந்தப் புகையே வேண்டாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2022 மார்கழியில் எனக்குச் சளி பிடித்தது. மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, இடது கன்னம் மட்டும் விடவில்லை. கன்னத்து எலும்புக்குள் கூழாங்கல்லை வைத்துத் தைத்த மாதிரி ஒரு பாரம். குனிந்து செருப்பு மாட்டினால் கண்ணுக்குக் கீழே விண்ணென்று தெறிக்கும்.

காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் நொச்சிக்குப் பஞ்சமில்லை. ஆடு வாய் வைக்காது என்பதால் வேலியிலும் அதுதான் நிற்கும். வாரத்தில் இரண்டு நாள் இரண்டு கைப்பிடி ஒடித்து வருவேன். குண்டாவில் கொதிக்கவிட்டு, கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டு, போர்வைக்குள் உட்கார்ந்தால் அந்தக் கால் மணி நேரமும் சொர்க்கம். பச்சை இலையின் கார வாசனை மண்டைக்குள் ஏறும். பாரம் இறங்கும், ராத்திரி தூக்கம் வரும். விடிந்தால் கூழாங்கல் அதே இடத்தில் இருக்கும். நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியிலும் கன்னத்திலும் பற்றுப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனதால் தெருக் குழந்தைகளுக்கு நான் ‘சந்தனத் தாத்தா’ ஆனேன். நடுவில் இரண்டு தடவை, யாரையும் கேட்காமல், மருந்துக் கடையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினேன். அது என் புத்தி. கடைக்காரரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கடைசியில் என் மனைவிதான் சொன்னாள். காபி டம்ளரை நீட்டியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஏனுங்க, உங்க மூக்குல என்னமோ அழுகின வாடை வருதுங்க” என்றாள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். இரண்டே கேள்வி கேட்டார். ஒரு பக்கம் மட்டும்தானா? அந்தப் பக்கம் மேல்பல்லில் ஏதாவது வேலை பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இடது மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டது. நரம்பை எடுத்துவிட்ட பல், அதனால் வலியே காட்டவில்லை. ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். பல்லின் வேர் நுனியில் சீழ் கட்டி, கன்னத்துச் சைனஸ் அறையின் தரையைத் துளைத்து மேலே ஏறியிருந்தது. அந்த வேருக்கும் அந்த அறைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதானாம். பல்லைப் பிடுங்கி, மருந்து சாப்பிட்டு, ஒரு மாதத்தில் கன்னம் லேசாகிவிட்டது. ஒன்றரை வருஷமாகப் பல்லுக்கு வேது பிடித்திருக்கிறேன்!

அவர் நொச்சியைத் திட்டவில்லை. சுகமாக இருந்தால் பிடியுங்கள், ஆனால் அது சீழை எடுக்காது என்றார். அதைவிட மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவுவது பலன் தரும் என்று சொல்லிக்கொடுத்தார். அரை லிட்டர் தண்ணீருக்கு முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. தண்ணீர் மட்டும் கட்டாயம் தளதளவென்று கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தின்னும் அமீபா என்று படித்தோமே, அது உள்ளே நுழையும் வழி மூக்குதான். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ அப்படியே கூடாது.

இன்னொன்று. உங்கள் படத்தில் ஓர் அம்மா ஸ்டூல் மேல் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்கிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வைத்தோம். பேரன் விளையாட்டாகப் போர்வையை இழுத்தான், குண்டா சாய்ந்தது. நல்ல வேளை, அவன் மேல் படவில்லை. என் வலது பாதத்தில் கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆனது. குண்டா தரையில் இருக்கட்டும், பிள்ளைகள் அந்த அறையிலேயே வேண்டாம்.

அடுத்த முறை கை வைத்தியம் போடும்போது, எப்போது நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் நாலு வரி போடுங்கள். பத்து நாளில் அடங்காத சளி, குறைந்து மறுபடி ஏறும் காய்ச்சல், ஒரே பக்கத்து வலி, நாற்றம். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கன்னம் மரத்து, மூக்கில் கறுப்பாகப் பொருக்குத் தட்டினால் ஒரு ராத்திரிகூடத் தள்ளக் கூடாது. 2021-இல் கரும்பூஞ்சை என்னென்ன செய்தது என்று உங்கள் இதழே பக்கம் பக்கமாக எழுதியது.

இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். அந்த நொச்சிக் கிளைப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டிக் கணக்கர்,
கருங்கல்பாளையம், ஈரோடு.