சாப்பிடாதவருக்கும் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், 'ஆன்டிபயாடிக் அடிக்கடி சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். சாப்பிடாதவர்கள் பயப்பட வேண்டாம்' என்று போட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி லேபில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை, பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அம்மா எந்தக் காய்ச்சலுக்கும் கஷாயத்தைத் தாண்டாதவர். போன வருடம் அவருக்குச் சிறுநீரில் தொற்று. கல்ச்சர் தட்டை நானே போய்ப் பார்த்தேன். மருந்து கேட்கிறதென்றால் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். அம்மாவின் தட்டில் முக்கால்வாசி வில்லைகளை ஒட்டியே ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா மண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டுத்தான் குணமானது.

பழகுவது உடம்பல்ல ஐயா, மாறுவது கிருமி. மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பல நேரம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு அதன் நகலைக் கொடுத்துவிடும், வேறு இனமாக இருந்தாலும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பும் சேர்ந்தே போய்விடும். செத்த கிருமி சிந்திய டிஎன்ஏவை எடுத்துக்கொள்வதும் உண்டு, வைரஸ் சுமந்துபோய்ச் சேர்ப்பதும் உண்டு. யாரோ ஒருவர் குடலிலோ ஏதோ ஒரு சாக்கடையிலோ நடந்த கைமாற்றம் அம்மாவரை வந்துவிட்டது. ஈ.கோலையிடமிருந்து சீதபேதிக் கிருமிக்கு இப்படி எதிர்ப்பு போவதை 1959-லேயே ஜப்பானில் காட்டிவிட்டார்கள். தங்களுக்குத் தெரியாததல்ல.

2010-ல் என்டிஎம்-1 என்ற, பல மருந்துகளை எதிர்க்கவைக்கும் மரபணுவைப் பற்றிய செய்தி வந்தபோதும் இதே வருத்தம்தான். அதற்கு டெல்லி பெயரை வைத்துவிட்டார்கள் என்று பக்கம் பக்கமாகக் கொதித்தீர்கள். சென்னை நோயாளிகளின் கிருமிகளிலும் அந்த மரபணு இருந்ததே, அதைப் பற்றி ஒரு பத்தி இல்லை. வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்தான கொலிஸ்டினைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்கக் கூடாதென்று 2019-ல் மத்திய அரசு தடை போட்டது. கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணுவும் பிளாஸ்மிட்டில் தாவுகிறது என்று 2015-லேயே சீனாவில் கண்டிருந்தார்கள். விவரமாகக் கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, சரி. அதே இதழில் கோழி வறுவலுக்கு மட்டும் முழுப்பக்கம் கிடைத்தது.

அடுத்த இதழில், அதே மருத்துவப் பகுதியில், கண்ணில் படுகிற எழுத்தில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், மதுரை