காலி பெஞ்சுக்குக் காரணம் கேட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆண்டு முடிந்து வருகைப் பதிவேடுகளைக் கட்டி அலமாரியில் வைத்தாயிற்று. வைப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். அடிக்கடி பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியபோது, "பாடம் நடத்தவே நேரமில்லை, இது வேறயா" என்று முணுமுணுத்தவள் நான். அதனால் இந்த மடலில் நன்றியோடு கொஞ்சம் அசடும் வழியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி அலுவலக எழுத்தர் ஐயாவுக்கு. "டீச்சர், நீங்க நாளைக் கூட்டுறீங்க. பிள்ளையைக் கூட்டிப் பாருங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. பதிவேட்டில் நாங்கள் எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் கூட்டுவோம்: இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று. சராசரி 95 விழுக்காடு வந்தால் நல்ல பள்ளி, பேச்சு முடிந்தது. அவர் ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 200 பிள்ளைகள், 180 வேலை நாட்கள் என்று வையுங்கள். மொத்தம் 36,000. அதில் 5 விழுக்காடு என்றால் 1,800 விடுப்பு. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்பது நாள், கவலையில்லை. ஆனால் 40 பிள்ளைகள் ஆளுக்கு 30 நாள் வராமல் இருந்து, மற்ற 160 பேர் நான்கு நாளுக்கும் குறைவாக விடுப்பு எடுத்தாலும் அதே 95தான் வரும். அந்த 40 பேரும் ஆறு நாளில் ஒரு நாள் வகுப்பில் இல்லை. சராசரியில் அது தெரியவே தெரியாது.

அன்று மாலையே என் வகுப்புப் பதிவேட்டை இடமிருந்து வலமாகக் கூட்டினேன். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வேலை நாட்களில் 10 விழுக்காடு வராவிட்டால், கடிதம் கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைத் தொடர் வருகையின்மை என்று கணக்கெடுக்கிறார்கள். 180 நாளில் 18 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டு நாள். இரண்டு நாளை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? சேட்டை செய்யும் பையன்கள்தான் பட்டியலில் இருப்பார்கள் என்று நினைத்தேன். முன் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்காரும் பிள்ளைகளின் பெயர்கள்தான் அதிகம் இருந்தன.

அடுத்து, என் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்த அந்த அம்மாவுக்கு. பட்டியலில் இருந்த எல்லா வீட்டுக்கும் மிரட்டலாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். 'நடவடிக்கை' என்ற சொல் அதில் மூன்று முறை வரும். நீங்கள் இரவு வேலை முடித்துத் தூங்காத கண்ணோடு வந்து, அதை என் மேசையில் விரித்து வைத்தீர்கள். "இதுல என் பையன் எத்தனை நாள் வரலைன்னு எங்கயுமே இல்லையே டீச்சர்?" உண்மைதான், இல்லை. எத்தனை நாள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "அஞ்சாறு நாள் இருக்கும்." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். இருபத்திரண்டு. நீங்கள் ஒன்றும் பேசாமல் அந்த வரிசையில் விரலை வைத்து, இது காய்ச்சல், இது நான் அசந்து தூங்கிவிட்ட நாள், இது தெரியவில்லையே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் படித்தேன். பிலடெல்பியாவில் 28,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் இருவரும் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. பெற்றோர் தம் பிள்ளையின் விடுப்பு நாட்களைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். உங்கள் பிள்ளை இத்தனை நாள் வரவில்லை என்று அவ்வப்போது தபாலில் சொன்னாலே தொடர்ந்து வராத பிள்ளைகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காவது குறைகிறது என்று அதில் கண்டார்கள். நீங்கள் அதை ஒரே கேள்வியில் சொல்லிவிட்டீர்கள் அம்மா. இப்போது என் கடிதம் நான்கே வரி. வராத நாட்களின் எண்ணிக்கை, பிள்ளை நன்றாகச் செய்த ஏதாவது ஒன்று, நாங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்வி, என் கையெழுத்து.

செவிலியர் அக்கா, உங்கள் பங்கு தனி. 'உடம்பு சரியில்லை' என்று பதிவேட்டில் நான் ஒரே வார்த்தையில் எழுதியதை நீங்கள் பிரித்துக் காட்டினீர்கள்: இளைப்பு, பல்வலி, பார்வைக் குறைவு. இளைப்பு உள்ள பிள்ளைக்குப் பள்ளியிலும் ஒரு இன்ஹேலர் இருக்க வேண்டும், அதை எப்போது கொடுப்பது என்று ஆசிரியருக்கும் தெரிய வேண்டும் என்றீர்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை முதலில் கை தூக்குவதை நிறுத்தும், அப்புறம் வருவதையே நிறுத்தும் என்பதும் நீங்கள் சொன்னதுதான். சில பெண் பிள்ளைகள் மாதாமாதம் அதே இரண்டு மூன்று நாள் வராமல் இருப்பதையும் பதிவேட்டில் நீங்களே கண்டுபிடித்தீர்கள். ஏழு ஆண்டாக அதே பதிவேட்டில் எழுதுகிறவள் நான்.

அதன் தொடர்ச்சியாகத் தச்சர் அண்ணனுக்கு: பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு நீங்கள் போட்ட தாழ்ப்பாளுக்கு நன்றி. அரை மணி நேர வேலை. எத்தனை பள்ளி நாட்களைத் திருப்பிக் கொடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பேருந்து ஓட்டுநர் அண்ணனுக்கு. நிறுத்தம் வரை வந்துவிட்டு, வண்டியைப் பார்த்ததும் சுவருக்குப் பின்னால் ஒளியும் பையனைப் பற்றி நீங்கள்தான் சொன்னீர்கள். "அவன் ஸ்கூலுக்குப் பயப்படல டீச்சர். பின் சீட்டுக்குப் பயப்படறான்." மறுநாளே உங்களுக்கு நேர் பின்னால் அவனுக்கு இடம் ஒதுக்கினீர்கள். பின் சீட்டுப் பையன்களை நாங்கள் அழைத்துப் பேசியது அதற்கு ஒரு வாரம் கழித்து. உங்கள் வேகம் எங்களுக்கு இல்லை.

என்னோடு சண்டை போட்ட கணக்கு ஆசிரியருக்கும் நன்றி, மனமில்லாமல்தான் சொல்கிறேன். முழு வருகைக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று நான் அச்சடிக்கவே தயாரானேன். நீங்கள் வழிமறித்தீர்கள். கலிபோர்னியாவில் 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்த ஒரு சோதனையில், முன்பு முழு வருகை தந்ததற்காக எதிர்பாராமல் விருது பெற்றவர்கள் அதன் பிறகு அதிகமாக விடுப்பு எடுத்தார்களாம். அதைவிட, "காய்ச்சலோட வர்ற பிள்ளைக்கா பரிசு?" என்று நீங்கள் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. சான்றிதழ்த் தாள்கள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கணக்குப் போட எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்புப் பிள்ளைகளே, விடுப்பு முடிந்து வருகிறவனை "மகாராஜாவுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்று வரவேற்பது என் பழக்கம். எல்லோரும் சிரிப்பீர்கள், அவனும் சிரிப்பான். ஒருநாள் நான் வாயைத் திறப்பதற்குள் உங்களில் ஒருத்தி எழுந்து, "நேத்து நடந்த பாடம் இதுல இருக்கு" என்று நோட்டை நீட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நோட்டு ஆண்டு முழுக்கக் கை மாறியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிலர் பட்டியலிலிருந்து வெளியே வந்தார்கள், புதிதாகச் சிலர் உள்ளே போனார்கள். ஒருத்தி வருவதை முற்றிலும் நிறுத்திவிட்டாள். அம்மா படுக்கையில், தம்பி கைக்குழந்தை. பகலில் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லாத வீட்டுக்கு என் நான்கு வரிக் கடிதம் எதற்கு உதவும்? பள்ளியால் மட்டும் முடிகிற காரியம் இல்லை அது. யாரிடம் கேட்க வேண்டுமோ அங்கெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவளுடைய பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் கடைசி நன்றி. வெள்ளிக்கிழமைதோறும் நான் அழைக்கும்போது, கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, போனை அவள் காதில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். வகுப்பில் என்ன நடந்தது என்று ஐந்து நிமிடம் சொல்வேன். அவள் "ம்" மட்டும் சொல்வாள். போன வாரம், "அந்த நோட்டு இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள். அதை வாங்கி வைத்திருக்கிறேன் அக்கா. விடுமுறைதான், இருந்தாலும் வெள்ளிக்கிழமை நேரிலேயே வருகிறேன், வீட்டில் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்