சைக்கிள் விசயம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறன். வொய்ஸ் போடுங்கோ எண்டுதான் நீ எப்பவும் சொல்லுவாய், ஆனா இது கொஞ்சம் நீளமான விசயம், அதோட ஒரு இடத்தில நீ கோவிப்பாய், வொய்ஸ் எண்டா அந்த இடத்திலயே நிப்பாட்டிப்போட்டு கோல் எடுத்திடுவாய், எழுத்தெண்டா முடியுமட்டும் வாசிச்சுத்தானே ஆகோணும். டப்பில ஒரு விரலால குத்திக் குத்தி எழுதுறன், பிழை கிடந்தா பொறுத்துக்கொள். இஞ்ச திருகோணமலையில கச்சான் காத்து அடிக்கத் தொடங்கி புழுதியும் வெக்கையும் தாங்கேலாம கிடக்கு, பின்னேரம் நாலரைக்கு முதல் வெளிய கால் வைக்கேலாது, அதால நானும் அம்மாவும் ஹோலுக்குள்ள பாயைப் போட்டு ஃபேனைத் திருப்பிவிட்டு நீ அனுப்பின லிஸ்ட்டில இருக்கிற படங்களை ஒவ்வொண்டாப் பாக்கிறம். வெளியில அடிக்கிறது கச்சான், வாயில கொறிக்கிறதும் கச்சான் கடலை. உங்க குளிருக்க இருந்து இதை வாசிக்க உனக்குப் பொறாமை வரும்.

முதல் பாத்தது கொட்டுக்காளி. படம் தொடங்கி பத்து நிமிசம் இருக்கும், அம்மா ரிமோட்டை எடுத்து சவுண்டைக் கூட்டுறா, பேந்தும் கூட்டுறா, டிவி பழுதாப்போச்சு போல கிடக்கு மியூசிக் ஒண்டும் கேக்குதில்ல எண்டுறா. இந்தப் படத்தில மியூசிக்கே இல்ல, அப்பிடித்தான் எடுத்தவங்கள் எண்டு சொல்ல நம்பேல்ல, எழும்பிப்போய் பின்னுக்கு வயரை ஆட்டிப் பாத்திட்டுத்தான் வந்து இருந்தவ. ஓட்டோச் சத்தம், சேவல், சூரியின்ர அடைச்ச தொண்டை, இவ்வளவுந்தான். அந்த நேரம் பாத்து கோட்டைப் பக்கத்து மான் ஒண்டு கேற்றுக்குள்ளால தலையை விட்டு அம்மாவின்ர செம்பரத்தையைக் கடிக்குது, மற்ற நாளெண்டா எங்களுக்குத் தெரியவே வராது, அண்டைக்கு படம் சத்தமில்லாம ஓடினதால இலை கடிபடுற சத்தம் நறுக் நறுக்கெண்டு ஹோலுக்குள்ள கேட்டது. அம்மா எழும்பி ஓடேல்ல. அதுவும் படத்தில வாற சத்தம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா.

எனக்குப் படம் பிடிச்சுது. ரோட்டில ஒரு மாடு மறிச்சுக்கொண்டு நிக்க, வீராப்புக் கதைச்ச ஆம்பிளையள் எல்லாம் ஒதுங்கி நிக்கிறாங்கள், ஒரு சின்னப் பெட்டை வந்து சும்மா கூட்டிக்கொண்டு போகுது, அந்த ஒரு சீனுக்கே முழுப் படத்தையும் பாக்கலாம். ஆனா முடிவு வந்த நேரம் அம்மா கறுப்புத் திரையைப் பாத்தபடியே இருந்தவ, மிச்சம் வரும் எண்டு. வராது எண்டு விளங்கினதும் சொன்னா, கறியைக் கூட்டி அடுப்பில வச்சிட்டு நெருப்பு மூட்டாமப் போன மாதிரி இருக்கு எண்டு. அவவுக்கு கதாநாயகிப் பெட்டைக்கு கடைசியில என்ன நடந்தது எண்டு தெரியோணும். எனக்கு அது தெரியாம இருக்கிறதுதான் படம் எண்டு படுது. இதில ரெண்டு நாள் சண்டை. நீ ஆற்ற பக்கம் எண்டு எழுது.

பிறகு டூரிஸ்ட் ஃபேமிலி. பக்கத்து வீட்டுப் பெடியன் பென்டிரைவில கொண்டுவந்து தந்தவன், எங்கால எடுத்தனீ எண்டு நான் கேக்கேல்ல, கேட்டா நானும் குற்றவாளி. படம் எடுத்தவன் உன்னைவிட வயசு குறைஞ்ச பெடியன், முதல் படமாம், கெட்டிக்காரன்தான். சாமான் விலை ஏறி வாழேலாமப்போய் வள்ளமேறி ராமேஸ்வரத்தில இறங்குற குடும்பம், அது கற்பனை இல்ல, 2022 மார்ச்சில மன்னார்ப் பக்கத்தால அப்பிடி உண்மையாவே சனம் போய் தனுஷ்கோடிக்குக் கிட்ட மணல்திட்டில இறங்கினது, இஞ்ச அந்த மாதக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, அம்மா காஸ் இல்லாம மூண்டு கல்லு வச்சு விறகில சமைச்சவ, உனக்கு வீடியோ கோலில காட்டேக்க பிக்னிக் மாதிரி இருக்கெண்டு சொன்னாய், ஞாபகமிருக்கா? எனக்குப் படத்தில இருக்கிற குறை அதுதான். வள்ளமேறுற அளவுக்கு என்ன கஷ்டம் வந்தது எண்டு அந்த ஆக்களின்ர முகத்தில இல்ல, எல்லாரும் நல்லாச் சாப்பிட்டு வந்த ஆக்கள் மாதிரிக் கிடக்கு. போய்ச் சேர்ந்த இடத்தில ஒழுங்கை முழுக்க நல்ல மனுசர். அப்பிடி ஒரு ஒழுங்கை இருந்தா நானும் போயிடுவன். ஆனா செத்தவீட்டுச் சீனில அம்மாவும் அழுதவ, நானும் கண்ணாடியக் கழட்டித் துடைச்சன், அதை ஒளிக்கேலாது.

சிம்ரனைக் கவனிச்சியா? கன்னத்தில் முத்தமிட்டால் படத்தில மெட்ராசில இருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இஞ்சால வந்தவ, 23 வருசத்தால இஞ்ச இருந்து பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அங்கால போறா. அந்தப் படம் வந்து ஒரு கிழமை போகத்தான் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது, 2002 பெப்ரவரி 22, இனி எல்லாம் சரி எண்டு நம்பிக்கொண்டு திரிஞ்சம். படத்தில மாங்குளம் எண்டு காட்டினது மாங்குளமே இல்ல, இந்தியாவில எடுத்தது, அந்த ரோட்டால போய்வந்த எவனுக்கும் பாத்த உடன தெரியும். இப்ப இந்தப் படத்தில பாஷை. இந்தியப் படக்காரருக்கு இலங்கைத் தமிழெண்டா யாழ்ப்பாணத் தமிழ் மட்டுந்தான், திருகோணமலையான் எப்பிடிக் கதைப்பான் எண்டு ஒருத்தருக்கும் கவலையில்ல. சொல்லப்போனா எங்களுக்கே தெரியாதே, அப்பம்மா மட்டக்களப்பாள், உன்னை "மனே" எண்டு கூப்பிடுவா, அம்மம்மா பருத்தித்துறையாள், "மோனை" எண்டுவா, நீ நடுவில நிண்டு ரெண்டு பேருக்கும் ஓமெண்டுவாய். அதுதான் திருகோணமலைத் தமிழ்.

சரி, இனி மெய்யழகன். இதுக்குத்தான் இவ்வளவும் எழுதுறன்.

நீ சொன்ன உடனயே பெப்ரவரியில தொடங்கினாங்கள், 9ம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலம்பற. ஊரை விட்டுப் போய் கனகாலத்தால திரும்பி வந்த அரவிந்த்சாமிய, கார்த்தி அத்தான் அத்தான் எண்டு சுத்திக்கொண்டு திரியிறான், அவருக்கோ இவன் ஆரெண்டே தெரியேல்ல, பேரைக் கேக்கவும் வெக்கம், நாங்களும் சிரிச்சுக்கொண்டு பாக்கிறம், பதினொரு மணி போல டக்கெண்டு கரண்ட் போச்சு. எங்கட வீட்டில மட்டும் எண்டு பாத்தா ஒழுங்கை முழுக்க இல்ல, ஊர் முழுக்க இல்ல, பிறகு பாத்தா நாடு முழுக்க இல்ல. பாணந்துறையில ஒரு குரங்கு கரண்ட் ஸ்டேசனுக்குள்ள பாய்ஞ்சதாம். மந்திரியே சொன்னவர். முந்தி டெக் வாடகைக்கு எடுத்து ஒழுங்கைச் சனமெல்லாம் காசு போட்டு விடிய விடிய நாலு படம் பாத்த காலத்தில படம் நடுவில நிண்டா கசற்றைக் கழட்டி, ஒரு புதுத் தாள்காசை மடிச்சு ஹெட்டைத் துடைச்சா திருப்பி ஓடும். குரங்குக்கு நான் எதால துடைக்கிறது? பின்னேரம் கரண்ட் வந்த நேரம் அம்மாவுக்கு கோயிலுக்குப் போற நேரம், அப்பிடியே விட்டது விட்டதுதான், போன ஞாயிறுதான் மிச்சத்தைப் பாத்து முடிச்சம்.

படம் நீளம் கூட எண்டு தியேட்டரில ஓடேக்க 18 நிமிசம் வெட்டினவங்களாம். எங்களுக்கு குரங்கு அஞ்சு மாதம் கூட்டிவிட்டது.

நீ அந்தப் படம் பாத்திட்டு ராவு எடுத்து அழுதாய். அரவிந்த்சாமியப் பாக்க என்னைப் பாத்த மாதிரி இருந்தது, ஊரை விட்டுப் போனவள், எல்லாத்தையும் மறந்தவள், நீங்கள் எல்லாம் கார்த்தி மாதிரி அங்க இருந்து எல்லாத்தையும் காத்துக்கொண்டு இருக்கிறீங்கள் எண்டு. நான் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்ல, படம் முழுக்கப் பாக்காம என்னத்தைச் சொல்லுறது. இப்ப பாத்திட்டன். மகள், நீ ஆளை மாறிப் பிடிச்சிட்டாய்.

போன வருசம் வந்தனீ, உட்துறைமுக வீதியால ஓட்டோவில வரேக்க நீ எட்டிப் பாத்து அப்பா இதில ஒரு வாகை மரம் நிண்டதெல்லோ எண்டு கேட்டாய். நான் அந்த வீதியால கிழமைக்கு நாலு தரம் போறவன். மரம் இல்லாமப்போன விசயமே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்த வருசம் வெட்டினது, ஆர் வெட்டினது, ஒண்டும் சொல்லத் தெரியேல்ல, ஓட்டோக்காரனிட்டக் கேட்டு சமாளிச்சன். தினம் பாக்கிறவனுக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாறும், அதால கண்ணில படாது. போனவைக்குத்தான் போன அண்டைக்குப் பாத்தது அப்பிடியே கிடக்கும்.

இன்னொண்டு கேள். மே மாதம் மீன் மாக்கட்டில பாரைக்கு விலை பேசிக்கொண்டு நிக்கிறன், ஒரு மனுசன், அம்பது வயசு தாண்டியிருக்கும், நல்ல சேட்டுப் போட்டு, சேர் எண்டு கூப்பிட்டு என்ர ரெண்டு கையையும் பிடிச்சிட்டான், மீன் கழுவின கை எண்டும் பாக்கேல்ல. லண்டனில இருந்து முப்பது வருசத்துக்கு மேல ஆகி இப்பத்தான் வாறானாம். எட்டாம் வகுப்பில என்னட்டக் கணக்குப் படிச்சவனாம். ஒருநாள் மாரி மழைக்கு கூரை ஒழுகி மேசை வாங்கெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கிப்போட்டு, கணக்கை விட்டிட்டு நான் திருவிளையாடல் தருமிச் சீனை நடிச்சுக் காட்டினனாம், நாகேசும் நானாம், சிவாஜியும் நானாம். நான் அண்டைக்குக் கட்டியிருந்த வேட்டியின்ர கரை என்ன நிறம் எண்டும் சொல்லுறான். எனக்கு ஒரு துளி ஞாபகம் இல்ல. அவன்ர முகமும் பிடிபடேல்ல, பேரும் வரேல்ல, நான் நடிச்சதையே அவன் சொல்லித்தான் அறிஞ்சன். அரை மணித்தியாலம் தம்பி தம்பி எண்டே சமாளிச்சு அனுப்பினன். வீட்டை வந்து பாரையை வெட்டக் குடுத்திட்டு அம்மாட்டச் சொல்ல, பேரைக் கேட்டிருக்கலாமே எண்டுறா. எப்பிடிக் கேக்கிறது? அந்த வெக்கத்தை அரவிந்த்சாமி நல்லாத்தான் காட்டியிருக்கிறார், முகத்தை வச்சுக்கொண்டு ஓடி ஒளியிற மாதிரி ஒரு சிரிப்பு, அது எனக்கு மீன் மாக்கட்டில வந்த சிரிப்பு.

அப்ப ஆர் கார்த்தி, ஆர் அரவிந்த்சாமி? படம் எடுத்தவர் தஞ்சாவூர்க் கதையை எடுத்திருக்கிறார், அங்க அப்பிடியா இருக்கலாம், இருந்தவன் எல்லாத்தையும் வச்சிருக்கிறான், போனவன் மறந்திட்டான். எங்கட கதை மறுவளம்.

இனி நீ கோவிக்கிற இடம். படத்தில தாங்கள் விட்டிட்டுப் போன சைக்கிளை அரவிந்த்சாமி காணுறார், கார்த்தி அதைப் பொக்கிசம் மாதிரி வச்சிருக்கிறான், இது வந்தாப் பிறகுதான் நாங்கள் தலையெடுத்தனாங்கள் எண்டு சொல்லுறான். அந்த இடத்தில அம்மா ரிமோட்டை எடுத்து படத்தை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தா. ஒரு வார்த்தை இல்ல. நானும் ஃபேனைப் பாத்துக்கொண்டு இருந்தன். பிறகு சொன்னா, பிள்ளைக்கு எழுதுங்கோ எண்டு.

உன்ர ஊதா லுமாலாச் சைக்கிள் இப்ப எங்களிட்ட இல்ல.

கேள், முழுக்கக் கேள். 2022ல பெற்றோலுக்கு கியூவில ரெண்டு நாள் நிண்டு வெறுத்துப்போய் உன்ர சைக்கிளைத்தான் துடைச்சு எடுத்தனான், கியூஆர் காட்டி பெற்றோல் அடிக்கிற முறை வந்து ஒழுங்காக் கிடைக்குமட்டும் சந்தைக்கும் பென்சன் எடுக்கவும் மருந்தெடுக்கவும் அதிலதான், சேர் லேடீஸ் பைக்கில போறார் எண்டு பெடியள் சிரிக்கச் சிரிக்கப் போனன். அதில பிறேக் தேஞ்சு, செயின் அறுந்து, பின் ரிம் வளைஞ்சு போச்சு. பிறகு கொட்டிலுக்க சாத்தினது சாத்தினபடி. இந்த வருசம் சித்திரை வருசத்துக்கு முதல் கொட்டில் ஒதுக்கேக்க பழைய இரும்பு எடுக்கிற ஆள் கேற்றடியில கூவிக்கொண்டு போனான், அம்மா பத்ரகாளி கோயிலுக்குப் போயிருந்தவ, நான் உடைஞ்ச வாளி, துருப்பிடிச்ச தகரம், அதோட சேத்து சைக்கிளையும் தூக்கிக் குடுத்திட்டன். எல்லாமா 1,400 ரூபா தந்தவன். குடுக்கேக்க எனக்கு ஒண்டுமே தோணேல்ல, அதுதான் இப்ப யோசிக்க ஒரு மாதிரிக் கிடக்கு. ஏஎல் டியூசனுக்கு நீ மழைக்க நனைஞ்சு வந்து அதை மாமரத்தில சாத்துறது இப்பத்தான் கண்ணுக்க வருது, குடுத்த அண்டைக்கு வரேல்ல. அம்மா பின்னேரமே கண்டிட்டா. பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கோ எண்டதோட சரி, நானும் இண்டைக்கு நாளைக்கு எண்டு மூண்டு மாதத்தை ஓட்டிட்டன்.

ஒண்டு மட்டும் சொல்லுறன், இதில குரங்குக்கும் பங்கிருக்கு. பெப்ரவரியில கரண்ட் போகாம இருந்திருந்தா அண்டைக்கே அந்தச் சீனைப் பாத்திருப்பம், சித்திரைக்கு நான் சைக்கிளில கை வச்சிருக்க மாட்டன். இதை அம்மாட்டச் சொல்ல, குரங்கு பாணந்துறையில மட்டுமில்ல எண்டுறா.

இரும்புக்காரனைத் தேடி அனுராதபுரச் சந்திப் பக்கம் ரெண்டு தரம் போனன். ஆள் அகப்பட்டான், சைக்கிள் அடுத்த கிழமையே லொறியில ஏத்தியாச்சாம். முன் கூடை மட்டும் தப்பினது, அதை நான் முந்தியே கழட்டி வச்சிருந்தனான், அம்மா விடியக் காலமை அதிலதான் சாமிக்குப் பூ ஆயுறா, மான் விட்டு வச்ச பூ.

கோவம் ஆறினாப்போல கோல் எடு. கோவத்தோட எடுத்தாலும் பரவாயில்ல. அடுத்த படத்தின்ர பேரை அனுப்பு, அம்மா சொல்லச் சொன்னவ, ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல எண்டா வேண்டாமாம், மியூசிக் கட்டாயம் இருக்கோணுமாம், முடிவும் இருக்கோணுமாம்.

அப்பா