ஈம் ஊருக்குப் போய்வந்தேன்

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. ஷெஃபீல்டில் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னை டெர்பிஷயரில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனான். பெயர் ஈம். காதில் விழுந்ததும் எனக்கு ஈமச்சடங்குதான் நினைவுக்கு வந்தது.

கல் வீடுகள், வாசலில் பூச்செடிகள். சில வீடுகளுக்கு முன்னால் பலகை வைத்து, இங்கே இன்னார் இன்னார் இறந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். 1665இல் இந்த ஊர்த் தையல்காரருக்கு லண்டனிலிருந்து துணி வந்தது. ஈரமாக இருந்ததால் அவருடைய கையாள் ஜார்ஜ் விக்கர்ஸ் அதை நெருப்புக்கு முன் விரித்துக் காயவைத்தார். துணியில் இருந்த தெள்ளுப்பூச்சியோடு பிளேக் வந்தது என்கிறார்கள். முதலில் போனவர் அவர்தான். அடுத்த வருஷம் முடிவதற்குள் சுமார் 260 பேர்.

பாதிரியார் வில்லியம் மொம்பெசனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பதவி பறிபோன பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லி. இரண்டு பேருடைய வழியும் வேறு வேறு. ஆனாலும் 1666 ஜூனில் சேர்ந்து நின்று ஊராரிடம் கேட்டார்கள்: யாரும் எல்லையைத் தாண்ட வேண்டாம், நோய் வெளியே போகக்கூடாது. ஜனங்களும் சரி என்றார்கள். தேவாலயத்தை மூடிவிட்டுத் திறந்தவெளியில் தள்ளித் தள்ளி நின்று ஜெபம் செய்தார்கள். செத்தவர்களை அவரவர் வீட்டாரே புதைக்க வேண்டும்.

ஸ்டோனி மிடில்டன் போகும் வயல்பாதையில் எல்லைக்கல் இன்னும் கிடக்கிறது. அதன் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவைப்பார்களாம். வெளியூர்க்காரர்கள் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளே மழைத்தண்ணீர்.

அப்புறம் ஊருக்கு வெளியே மேட்டில், வயல் நடுவே, வட்டமாக ஒரு கல்சுவர். எலிசபெத் ஹான்காக் என்ற தாய் ஆகஸ்டில் எட்டே நாளில் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அங்கே புதைத்தாள். தூக்கிவிடக்கூட ஆளில்லை. அந்தச் சுவரில் கை வைத்து நின்றவன், அண்ணன் இரண்டுதரம் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

2020இல் அப்பத்தா போனபோது நீ வரவில்லை. "கொரோனா வார்டிலிருந்து நான் வந்தால் தெருவுக்கே கொண்டுவந்துவிடுவேன்ப்பா" என்றாய். வளர்த்த பேத்தி எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கோபத்தில் நாலு மாதம் உன்னோடு பேசவில்லை. நீ வாராவாரம் கூப்பிடுவாய். நான் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவேன். "அப்பா சாப்பிட்டாராம்மா?" என்று நீ கேட்பது அங்கேயும் கேட்கும்.

அன்று ஹாஸ்டல் அறையில் நீ தனியாக எப்படி இருந்தாய் என்று இதுவரை நான் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான் கண்ணு.

அடுத்த மாதம் வந்துவிடுவேன். நேரே உன்னிடம்தான் வருவேன். அப்பத்தாவின் சுருக்குப்பை என் பீரோவில் இருக்கிறது. உனக்குத்தான் கொடுக்கச் சொன்னது. கோபத்தில் கொடுக்காமல் வைத்திருந்தேன். எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
அப்பா