கொடுத்த நிலமும் கிடைத்த வழியும்: நில மறுசீரமைப்புப் பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சிதறிக் கிடந்த நம் துண்டுகளை ஒன்றாக்கி, சாலைக்கும் பொது இடத்துக்கும் எடுத்தது போக மீதியை நமக்கே மனைகளாகப் பிரித்துத் தரும் நில மறுசீரமைப்புப் பணி நிறைவடைந்துவிட்டது. கடைசி எல்லைக் கல்லும் நடப்பட்டு, புதிய மனை வரைபடத்தில் நில அளவையரும் நகரசபைப் பொறியாளரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். சாலை, வடிகால், பொதுத் திடல் மூன்றும் சபையின் பொறுப்புக்குப் போய்விட்டன. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனித்தாளாக இத்துடன் வருகிறது. கணக்குத் தாளில் அடங்காதவற்றை, குழு தவறிய இடம் உட்பட, இங்கே சொல்கிறோம்.

தொடங்கும்போது நம் நிலம் இருந்த நிலையை யாரும் மறந்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரித்ததில் ஒவ்வொரு துண்டும் நாடா போல நீண்டு ஒடுங்கிப் போயிருந்தது. பெரிய சாலையைத் தொட்டிருந்தவர்களுக்கு மட்டுமே வழி. உள்ளே இருந்தவர் தம் நிலத்துக்குப் போக அடுத்தவர் வரப்பில் நடக்க வேண்டும். அந்த வரப்பில் வண்டி போகாது, குழாய் போகாது, மின்கம்பமும் போகாது. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அத்தனையும் வேளாண் நிலம் என்று பச்சை வண்ணத்தில் இருந்தது. ஆனால் நீர்வழி அடைபட்டு, ஏர் பூட்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பயிரும் வைக்க முடியாமல், பட்டறையும் போட முடியாமல் நிலம் சும்மா கிடந்தது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு மனுப் போட்டு நடையாய் நடந்தோம். சாலையோரத்தவருக்குக் கிடைத்தது. உள்ளே இருந்தவர்களின் மனு "அணுகுசாலை இல்லை" என்ற ஒரே குறிப்போடு திரும்பியது.

அணுகுசாலை போடச் சபையிடம் பணம் இல்லை. நிலத்தைக் கையகப்படுத்தினால் இழப்பீட்டுக்கே ஆண்டு வருமானம் போதாது என்று சபை கைவிரித்தது. அதில் பொய்யும் இல்லை. கட்டடம் எழுந்தால்தான் சொத்து வரி வரும். சாலை இருந்தால்தான் கட்டடம் எழும். வரி வந்தால்தான் சாலை போட முடியும். எந்த நாட்டுச் சிறு உள்ளாட்சியும் மாட்டிக்கொண்டு விழிக்கும் முடிச்சு இது. வெளியிலிருந்து மானியம் வரும் வரை காத்திருப்பது ஒரு வழி. நிலம் வைத்திருப்பவர்களே நிலத்தால் முடிச்சை அவிழ்ப்பது இன்னொரு வழி. நாம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

நிலத்தை ஒன்றுசேர்த்து மறுபடி பிரிக்கும் இந்த வழிமுறை, நமக்கு முன்பே பல ஊர்கள் நடந்து பார்த்த பாதை. ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரில், மேயர் ஃபிரான்ஸ் அடிக்கெஸ் முன்னின்று கொண்டுவந்த 1902 ஆம் ஆண்டுச் சட்டம் சிதறிய துண்டுகளை ஒன்றாக்கி, சாலைக்கும் பொது இடத்துக்கும் எடுத்தது போக மீதியை உரியவர்களுக்கே ஒழுங்கான மனைகளாகத் திருப்பிக் கொடுத்தது. ஜப்பான் 1919 ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டத்தில் இதைச் சேர்த்தது. 1923 நிலநடுக்கத்தில் அழிந்த டோக்கியோவின் பெரும்பகுதி இப்படித்தான் மீண்டும் எழுந்தது. இந்தியாவில் 1915 ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டச் சட்டம் இதற்கு வழி செய்தது. குஜராத்தில் இன்றும் இது நடைமுறையில் இருக்கிறது. இவற்றையெல்லாம் முதல் கூட்டத்தில் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. நிலத்தைக் கொடுத்தால் நிலம் திரும்பி வரும் என்பதை யாருமே எளிதில் நம்பிவிட மாட்டார்கள்.

உண்மையான இழுபறி, யாரிடம் எவ்வளவு எடுப்பது என்பதில் வந்தது. எல்லோருக்கும் ஒரே விகிதம் என்பதுதான் குழுவின் முதல் முன்மொழிவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சிறு துண்டு வைத்திருந்த ஓர் அம்மா எழுந்து, "ஐயா, பெரிய நிலத்தில் எடுத்தால் மனை சிறுத்துப் போகும், என் நிலத்தில் எடுத்தால் வீடே இல்லாமல் போகும்" என்றார். கூட்டம் அமைதியானது. அன்றே அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றோம். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தின் புஜ் நகரத்தை மறுசீரமைத்தபோது மிகச் சிறிய மனைகளில் எதுவும் எடுக்காமல், மனை பெரிதாகப் பெரிதாக விகிதத்தைக் கூட்டினார்கள். நாமும் அந்தப் படிக்கட்டு முறையையே ஏற்றோம். அதோடு, பரப்பளவை மட்டும் பார்க்காமல் மதிப்பையும் பார்த்தோம். முன்பு வழியே இல்லாதிருந்த துண்டு சாலையோர மனையாக மாறும்போது அதன் மதிப்பு ஏறும் வேகம் வேறு. முன்பே சாலையைத் தொட்டிருந்த மனையின் மதிப்பு ஏறும் வேகம் வேறு. அதிகம் பெறுபவர் அதிகம் தர வேண்டும் என்ற கணக்கு சிலருக்குக் கசந்தது. ஆனாலும் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்குக் குழு தனியாகத் தலைவணங்குகிறது.

வடிகாலைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். முதல் வரைபடத்தில் வடிகால் வடக்கு எல்லையை ஒட்டி நேர்கோடாகப் போனது. நேர்கோடு வரைவதற்கு எளிது, மனைகளும் சதுரமாக வரும். கையெழுத்துக்கு முந்தைய வாரம் இரவெல்லாம் மழை கொட்டியது. விடியற்காலையில் குழுவினரும் இளம் பொறியாளர் ஒருவரும் வரைபடத்தைப் பாலித்தீன் உறையில் சுற்றிக்கொண்டு நிலத்துக்குப் போனோம். வடக்கு எல்லையில் மண் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். தென்மேற்கு மூலையில் நீர் முழங்கால் அளவுக்கு நின்றது. அங்கே பழைய வேலிக் கற்களில் முன்பு எத்தனையோ மழைகள் விட்டுப்போன சேற்றுக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. பொறியாளர் ஒன்றும் பேசாமல் குனிந்து மிக உயர்ந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிவப்பு வண்ணம் வாங்கி வரச் சொல்லி, நீர் போன தடம் முழுவதும் முளையடித்து அடையாளம் வைத்தார். புதிய வடிகால் அந்தச் சிவப்பு முளைகளைத் தொடர்ந்து வளைந்து போகிறது. அதனால் இரண்டு உறுப்பினர்களின் மனைகள் கோணலாகிவிட்டன. பொதுத் திடலிலிருந்து ஈடு கொடுத்தோம். திடல் அந்த அளவுக்குச் சுருங்கியது. சென்ற மழையில் எந்த மனையிலும் நீர் நிற்கவில்லை. அந்தக் காலை நாங்கள் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

அடுத்தது, எந்த மனையில் எது வரலாம் என்ற கேள்வி. சாலையோரம் முழுவதும் வணிகம், உள்ளே முழுவதும் குடியிருப்பு, தொழிலுக்குத் தனி மூலை என்று சபை வரைந்து தந்தது. இப்படிப் பிரிப்பதற்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. வீட்டு வாசலில் புகையும் கழிவும் வந்து சேர்ந்த காலத்தில் மக்கள் பட்ட துன்பம் சிறிதல்ல. நியூயார்க் 1916 இல் நகரம் முழுவதற்கும் மண்டலப் பிரிப்பைக் கொண்டுவந்தது. 1926 இல் யூக்லிட் என்ற சிற்றூரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் கெடுதல் இல்லாத தொழிலையும் சேர்த்துத் துரத்தினால், தையல் இயந்திரம் வைத்திருப்பவர் வீட்டுக்கு ஒரு வாடகையும் கடைக்கு ஒரு வாடகையும் கொடுக்க வேண்டும். ஜப்பானில் மிகக் கண்டிப்பான குடியிருப்பு மண்டலத்தில்கூட வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்கு, 50 சதுர மீட்டர் வரை, இடம் உண்டு. ஓசை, புகை, கழிவுநீர், பாரவண்டி ஆகிய நான்கையும் அளந்து தடுங்கள், தொழிலின் பெயரைப் பார்த்துத் தடுக்காதீர்கள் என்று நாம் எழுதிக் கொடுத்தோம். பல அமர்வுகளுக்குப் பிறகு உள் தெருக்களுக்கும் கலப்புப் பயன்பாடு கிடைத்தது. இந்தப் பணியில் நாம் பெற்றவற்றுள் மிகப் பெரியது இதுதான் என்பது குழுவின் உறுதியான கருத்து.

நடுவில் ஒரு சோதனையும் வந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று பாதி நிலத்தை மொத்தமாகக் கேட்டது. வேலைவாய்ப்பு தருவதாகச் சொல்லி நீண்ட கால வரிச்சலுகையும் கேட்டது. சபையில் சிலருக்கு ஆசை பிறந்தது. நம்மிலும் சிலருக்குப் பிறந்தது. அப்போது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில அனுபவத்தை எழுதி உங்களுக்கு அனுப்பியது நினைவிருக்கும். 2017 இல் ஃபாக்ஸ்கான் என்ற மின்னணுப் பொருள் தயாரிப்பு நிறுவனம் 13,000 வேலைகள் தருவதாகச் சொன்னது. மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகை தர ஒப்புக்கொண்டது. மவுண்ட் பிளசன்ட் என்ற சிறிய உள்ளாட்சி கடன் வாங்கி நிலம் எடுத்தது, சாலை போட்டது. வீடுகளைக் காலி செய்து போனவர்களும் உண்டு. 2021 இல் ஒப்பந்தத்தை மாற்றி எழுதியபோது வேலைகளின் எண்ணிக்கை 1,454 ஆகவும், சலுகை 8 கோடி டாலராகவும் சுருங்கின. பின்னாளில் அந்த நிலத்தின் ஒரு பகுதி வேறொரு நிறுவனத்தின் தரவு மையத்துக்குப் போனது. ஆனால் காலி செய்து போனவர்களின் வீடுகள் திரும்பி வரவில்லை. தொழிற்சாலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலை வந்த பிறகு சலுகை, வராவிட்டால் நிலம் திரும்ப வர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை மட்டும் வைத்தோம். அந்த நிறுவனம் மறுகடிதம் எழுதவில்லை. அந்த இடத்தில் இப்போது சிறு பட்டறை மனைகள் இருக்கின்றன. சிலவற்றில் கூரை ஏறிவிட்டது.

செலவுக்கு என்ன செய்தோம் என்பது கணக்கில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், பங்கிட்டது போக விற்பனைக்கென்று ஒதுக்கிய மனைகளைப் பொது ஏலத்தில் விட்டுச் சாலைக்கும் வடிகாலுக்கும் கட்டினோம். ஒரு மனை மட்டும் விலைபோகவில்லை. அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளாமல் வைத்திருக்கிறோம்.

இனி, குழு தவறிய இடம். நிலம் உள்ளவர்கள் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தோம். அந்த நிலத்தில் வாடகைக்குக் கொட்டகை போட்டுப் பிழைத்தவர்களை அழைக்கவில்லை. அவர்களிடம் பத்திரம் இல்லை. அதனால் எங்கள் பட்டியலிலும் இல்லை. சாலை வந்ததும் வாடகை ஏறியது. பழைய பொருள் வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஒருவர் தராசையும் சாக்குகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை நம்மில் பலர் பார்த்தோம். புதிய வடிகாலின் மூடியின்மேல் சக்கரம் ஏற மறுத்தது. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். நிலத்தின் மதிப்பை ஏற்றிய சாலைதான் அவரை வெளியேற்றியது. அதை முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள், உணரவில்லை. விலைபோகாத அந்த ஒரு மனையில் குறைந்த வாடகைக்குச் சிறு அறைகள் கட்டி, இங்கே முன்பு தொழில் செய்தவர்களுக்கே முதல் உரிமை தர வேண்டும் என்று குழு ஒருமனதாகக் கேட்கிறது. இதை வரும் பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். எதிர்ப்பு இருந்தால் நேரில் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறோம்.

மற்றவை சில. தெருவிளக்கு இன்னும் பாதி எரியவில்லை, சபைக்கு எழுதியிருக்கிறோம். வடிகாலைத் தூர்வாரும் பொறுப்பு சபையுடையது என்றாலும், மழைக்கு முன் ஒருமுறை நாமும் போய்ப் பார்க்க வேண்டும். வளைவில்தான் குப்பை தங்குகிறது. வளைவுக்குப் பக்கத்து மனைக்காரர் இருவரும் மூடிகளைத் திறந்து காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

புதிய வரைபடத்தின் நகல் குழு அலுவலகச் சுவரில் தொங்குகிறது. உங்கள் மனை எண்ணையும் நான்கு எல்லைக் கற்களையும் அதோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். கல் பெயர்ந்திருந்தாலோ சாய்ந்திருந்தாலோ நீங்களே நிமிர்த்தி நட வேண்டாம். எங்களிடம் சொன்னால் நில அளவையரை அழைத்து, பக்கத்து மனைக்காரரையும் வைத்துக்கொண்டு, அளந்து நட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
பணிக்குழுவினர்