காலி அறைக்கு ஆள் தேடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் வீட்டில் சும்மா கிடக்கும் அந்த அறையை யாருக்காவது வாடகைக்கு விடலாமா என்று நீ எழுதியிருந்ததை அம்மாவும் நானும் சேர்ந்து படித்தோம். எங்கள் இருவருக்கும் சம்மதமே. செலவில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்ள ஆள் கிடைப்பது உனக்கு நல்லது. பொழுது சாய்ந்த பிறகு வீட்டில் இன்னொருவர் இருப்பார் என்பதில் எங்களுக்கும் ஓர் ஆறுதல் உண்டு.

வருகிறவர் நல்லவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதே உன் கடிதம் முழுவதிலும் கவலையாக இருந்தது. அந்த விசாரணை அவசியம்தான். அதைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரே சமையலறையையும் ஒரே குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் இருவர், இருவருமே நல்லவர்களாக இருந்தும், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாத நிலைக்கு வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவர் இரவு முழுவதும் வேலை செய்துவிட்டுப் பகலில் உறங்குபவராகவும், மற்றவர் பகல் முழுவதும் வீட்டிலிருந்தே தொலைபேசியில் பேசி வேலை பார்ப்பவராகவும் இருந்தால், யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஆயினும் அந்த ஏற்பாடு நிலைக்காது. ஆகவே, வருகிறவரின் அன்றாடம் உன் அன்றாடத்தோடு ஒத்துப்போகுமா என்பதையே முதன்மையான அளவுகோலாக வைத்துக்கொள்.

அதற்கு முதலில் உன் அன்றாடம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆள் தேடத் தொடங்குமுன், காலையில் எத்தனை மணிக்குக் குளிக்கிறாய், எப்போது சமைக்கிறாய், எப்போது வீடு அமைதியாக இருந்தால்தான் உனக்கு உறக்கம் வரும், கழுவாத பாத்திரத்தை எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்வாய், முன்பின் அறியாதவர் இரவு தங்கினால் உனக்குச் சரிப்படுமா என்றெல்லாம் தாளில் எழுதிப் பார். புகை, செல்லப் பிராணிகள், இரவில் சத்தம் போன்றவற்றில் உன்னால் சற்றும் விட்டுக்கொடுக்க முடியாதவை எவை, பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியவை எவை என்று பிரித்து வை. விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டு மூன்றுக்கு மேல் போனால், அறையை வாடகைக்கு விடுவது உனக்கு ஒத்துவருமா என்றே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

சட்டம் தொடர்பானவற்றையும் இப்போதே முடித்துவிடு. நீயே வாடகைக்கு இருக்கும் வீடானால் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய வீடானால் கடன் பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பார். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்குத் தெரியப்படுத்து. தெரியப்படுத்தாமல் இருந்தால், பின்னொரு நாள் இழப்பு ஏற்படும்போது பணம் தர மறுக்க அதையே காரணமாகக் காட்டக்கூடும். வாடகை வருமானத்துக்கு வரி உண்டா என்றும் கேட்டுக்கொள். உரிமையாளரும் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையில் மட்டும் தங்குபவருக்கும், தனி வீட்டை வாடகைக்கு எடுப்பவருக்கும் பல நாடுகளில் சட்டம் வெவ்வேறு உரிமைகளை வகுத்திருக்கிறது. காலி செய்யச் சொல்ல எவ்வளவு கால அவகாசம் தர வேண்டும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அங்குள்ள விதி என்ன என்பதை அங்குள்ளவர்களிடமே கேள்.

விளம்பரத்தில் அறையைப் பற்றி உண்மையை முழுமையாக எழுது. அறையின் நீள அகலம், கட்டில் அலமாரி உண்டா, வெளிச்சம் எப்படி, குளியலறை பொதுவா, வாடகையில் மின்சாரமும் தண்ணீரும் இணையமும் அடங்குமா, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து வரலாம் என்பவை எல்லாம் இருக்கட்டும். குறைகளையும் மறைக்காதே. அறை சிறியது என்றோ, சாலைச் சத்தம் கேட்கும் என்றோ எழுதினால் வரும் கடிதங்கள் குறையும். ஆனால் எழுதுகிறவர்கள் அதைத் தெரிந்தே எழுதுகிறவர்களாக இருப்பார்கள். வாடகையை முடிவுசெய்யும் முன், அந்தப் பகுதியில் இதே போன்ற அறைகளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள். முழு முகவரியையும், நீ தனியாக இருக்கிறாய் என்பதையும் எழுத வேண்டாம் என்று அம்மா வற்புறுத்திச் சொல்லச் சொன்னாள்.

அறையை நேரில் பார்க்காமலேயே பணம் அனுப்ப முன்வருபவரிடம் மிகுந்த எச்சரிக்கையாக இரு. கேட்டதைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்பிவிட்டு, தவறுதலாக அதிகம் போய்விட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்பது பல நாடுகளில் நடக்கும் மோசடி. நீ மீதியை அனுப்பிய பிறகுதான் அந்தக் காசோலை செல்லாதது என்று வங்கியிலிருந்து தெரியவரும். முன்பணமும் முதல் மாத வாடகையும் உன் கணக்கில் உறுதியாகச் சேர்ந்துவிட்டன என்று வங்கியில் கேட்டறிந்த பிறகே சாவியைக் கொடு.

விருப்பம் தெரிவிப்பவர்களிடம் முதலில் தொலைபேசியில் பேசு. அதிலேயே பாதிப் பேர் விலகிவிடுவார்கள். நேரில் வரும்போது தோழி ஒருத்தியை உடன் வைத்துக்கொள். "சுத்தமாக இருப்பீர்களா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. "வேலை நாளில் காலையிலிருந்து இரவு வரை உங்கள் பொழுது எப்படிப் போகும்?", "விடுமுறை நாளில் வீட்டில் இருப்பீர்களா?", "முன்பு தங்கியிருந்த இடத்தில் எது உங்களுக்குச் சிரமமாக இருந்தது?" என்று கேட்டு, குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிரு. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் நிறையத் தெரியும். முன்பு இருந்த எல்லோரையும் குறை சொல்பவர் நாளை உன்னையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பார். அவர் உன்னிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனி. சமையலறையை எந்த நேரத்தில் பயன்படுத்தலாம், துணி துவைப்பது எப்படி என்றெல்லாம் கேட்பவர், அங்கே வாழ்வதை மனத்தில் நிறுத்திப் பார்க்கிறார் என்று பொருள். பிடித்துப்போனாலும் அன்றே சரி என்று சொல்லிவிடாதே. ஓர் இரவு கடந்த பின் சொல்.

முடிவுசெய்யும் முன் அடையாள அட்டையைப் பார். வேலைக்கும் வருமானத்துக்கும் சான்று கேள். முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளரிடம் பேசுவதாக இருந்தால், இப்போதைய உரிமையாளரைவிட அதற்கு முந்தையவரின் சொல்லுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். இப்போதையவர் அவரை அனுப்பிவிட்டால் போதும் என்ற எண்ணத்தில் நல்ல வார்த்தை சொல்லிவிடலாம். முதன்முறையாக வீட்டை விட்டு வெளியே தங்கும் இளையவர்களிடம் இப்படிப்பட்ட சான்று இருக்காது. அதற்காக அவர்களைத் தள்ளிவிடாதே, பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவரிடம் பேசினால் போதும். சாதி, மதம், நிறம் பார்த்து எவரையும் மறுக்காதே. சட்டம் என்ன சொன்னாலும் நம் வீட்டில் அது கூடாது.

தெரிந்தவரின் உறவினர் என்பதால் மட்டும் யாரையும் சேர்த்துக்கொள்ளாதே. அப்படி வருபவரிடம் வாடகை தாமதமானாலும் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டால் நடுவில் இருப்பவரின் மனம் நோகும். அப்படி வருபவரிடமும் இதே கேள்விகளைக் கேள், இதே சான்றுகளைப் பார்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். வாடகைத் தேதி, முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும், எதற்காகப் பிடித்தம் செய்யப்படும், விலக நினைப்பவர் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், விருந்தினர் தங்குவது பற்றிய விதி ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களைச் சோதனைக் காலமாக வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. அறையையும் அதிலுள்ள பொருட்களையும் அவர் குடிவரும் நாளில் படம் எடுத்துவை. அந்த அறைக்குத் தனிப் பூட்டு போட்டுக் கொடு. அவர் வந்த பிறகு அது அவருடைய அறை. கதவைத் தட்டிக் கேட்காமல் நீ உள்ளே போகக் கூடாது.

நீ நினைத்திருக்கும் தேதிக்குள் பொருத்தமானவர் அமையாவிட்டால் இன்னும் ஒரு மாதம் அறை காலியாகவே இருக்கட்டும். அந்த மாத வாடகைக்காக அவசரப்பட்டு யாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். பணம் இடிக்குமானால் எங்களிடம் சொல். விளம்பர வாசகத்தை எழுதியதும் வெளியிடும் முன் எனக்கு ஒருமுறை அனுப்பு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா